த்ரெட்-சேஃபான்னு பாக்கப் போய் மூணு நாள் போச்சு

த்ரெட்-சேஃப்னா ஒரே புரோகிராம்ல பல த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலைகள்) சேர்ந்து கூப்பிட்டாலும் குழம்பாத ஃபங்ஷன். எங்க சி புரோகிராம் நேரத்தோட எழுதி வெக்கற லாக்ல ராத்திரி 21:10, 21:10னு வரிசையா வந்துட்டிருக்கு, நடுவுல ஒரே ஒரு வரி 15:40, மறுபடி 21:10. சர்வர் கடிகாரத்தை சந்தேகப்பட்டே அரை நாள் ஓடிப்போச்சு. அஞ்சரை மணி நேர வித்தியாசம்னதுமே பொறி தட்டியிருக்கணும், அது யுடிசி (உலகப் பொது நேரம்). ஒரு த்ரெட் லோக்கல்டைம் (உள்ளூர் நேரம் தர்ற ஃபங்ஷன்) கூப்பிட்டு அதை எழுதறதுக்குள்ள இன்னொண்ணு ஜிஎம்டைம் (யுடிசி தர்றது) கூப்பிட்டுடுது, லினக்ஸோட சி லைப்ரரியான ஜிலிப்சில ரெண்டுக்கும் விடையை வெக்க ஒரே ஸ்டாடிக் பஃபர்தான், எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான இடம். டீம்ல சொன்னா யாரும் நம்பல. "விண்டோஸ்ல வருஷக்கணக்கா ஓடுதேப்பா, நீ எதையோ மாத்திட்ட."

சரி, டெஸ்ட் எழுதி எல்லா ஓஎஸ்லயும் ஓட்டிக் காட்டிடுவோம்னு உட்காந்தேன். பத்து த்ரெட், லூப்ல லோக்கல்டைம், வந்த நேரம் சரியான்னு ஒரு செக். கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு தப்பு இல்ல! பார்த்தா வீஎம்க்கு (விர்ச்சுவல் மெஷின்) நான் குடுத்திருக்கறதே ஒரே கோர். நாலாக்கின உடனே கொட்டுது. ஒரே கோர்ல பாஸ் ஆச்சுன்னா அதை பாஸ்னு எடுத்துக்காதீங்க.

அப்புறம் இதைவிட சுலபமா ஒண்ணு தோணுச்சு: ரெண்டு த்ரெட்ல கூப்பிட்டு, திரும்பி வர்ற பாயின்டர் காட்டற மெமரி அட்ரஸை பிரின்ட் பண்ணு, ஒரே அட்ரஸ்னா பஃபர் பொது. லோக்கல்டைம்க்கு அருமையா வேலை செஞ்சுது, எரர் நம்பரை வார்த்தையாக்கற எஸ்டிஆர்எரர்ல ரெண்டு தடவை ஏமாந்தேன். முதல்ல சாதாரண எரர் நம்பர் குடுத்தேன், ஒரே அட்ரஸ் வந்துச்சு, குதிச்சேன். அது மாறாத ஸ்ட்ரிங், யாரும் அதுல எழுதப் போறதில்ல, பொதுவா இருந்தா என்ன? இல்லாத நம்பர் குடுத்தாதான் பஃபர் பக்கம் போகும். 99999 குடுத்தேன், அப்பவும் அதே அட்ரஸ், ஆனா ஜிலிப்சி 2.32லேர்ந்து இது சேஃப்னு மேன் பேஜ் (லினக்ஸ் கையேடு) சொல்லுது. தப்பு என்னோடது. முதல் த்ரெட்டை ஜாயின் பண்ணிட்டு, அதாவது அது முடியற வரை காத்திருந்துட்டு, ரெண்டாவதை ஆரம்பிச்சிருக்கேன், செத்தது விட்டுட்டுப் போன மெமரியையே புதுசுக்குத் தூக்கிக் குடுத்திருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல உயிரோட இருக்கணும். அதுக்கு பி-த்ரெட் பேரியர் (எல்லா த்ரெட்டும் வந்து சேர்ற வரை நிறுத்தி வெக்கறது) போட்டா மேக்ல கம்பைலே ஆகல, அங்க அது கிடையாது. மியூடெக்ஸும் (பூட்டு) கண்டிஷன் வேரியபிளும் (காத்திருக்க வெச்சு எழுப்பறது) வெச்சு நாமளே எழுதிக்கணும்.

ஸ்ட்ரிங்கைத் துண்டு துண்டா வெட்டற எஸ்டிஆர்டோக்குக்கு அட்ரஸ் வித்தை ஆகாது. முதல் த்ரெட் "இட்லி,வடை"யை வெட்ட ஆரம்பிக்கட்டும், ரெண்டாவது "காபி,டீ"யை ஆரம்பிக்கட்டும், இப்ப முதலாவது அடுத்த துண்டைக் கேக்கணும். லினக்ஸ்ல வடைக்குப் பதிலா டீ வந்துச்சு. விண்டோஸ்ல வடையே வந்துச்சு, அங்க இது த்ரெட்டுக்குத் தனி, லோக்கல்டைமும் அப்படித்தான். டீம் வாயை அடைச்சது அந்த டீதான்.

த்ரெட் மோதலைக் கண்டுபிடிக்கற டூல் ஒண்ணு இருக்கே, த்ரெட் சானிடைசர், அதை ஓட்டினா போதாதான்னு கேப்பீங்க. அதை வெச்சு கம்பைல் பண்ணாத லைப்ரரிக்குள்ள நடக்கறது அதுக்கு சரியா தெரியாது, விண்டோஸ்ல அது கிடையவும் கிடையாது.

திருத்தறது அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சேன், லினக்ஸுக்கு லோக்கல்டைம்_ஆர், விண்டோஸுக்கு லோக்கல்டைம்_எஸ், ரெண்டும் விடையை நாம குடுக்கற இடத்துல எழுதும். ஆனா ஒண்ணோட ஆர்கியுமென்ட் வரிசை இன்னொண்ணுக்குத் தலைகீழ். மாத்திப் போட்டா, சி ஃபைல்ங்கறதால எங்க கம்பைலர்ல வெறும் வார்னிங்தான் வரும், அந்த வார்னிங்கையும் எங்க பில்டுல யாரோ எப்பவோ அமுக்கி வெச்சிருக்காங்க. மூணாவது நாள் சாயங்காலம் அதுல போச்சு.