பூஞ்சை பிடித்த ஸ்லைடுகள்: ஸ்கேனுக்கு முன் சுத்தம்

சென்னையின் ராயபுரம், காசிமேடு பக்கத்து வீடுகளிலிருந்து வரும் பழைய ஸ்லைடுகளில் (புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும், சட்டத்தில் பொருத்திய கலர் ஃபிலிம் படங்கள்) தூசியைவிடப் பெரிய தொல்லை பூஞ்சைதான். கடற்காற்றின் ஈரம் அட்டை மவுண்ட்டில், அதாவது ஃபிலிமைப் பிடித்திருக்கும் அட்டைச் சட்டத்தில், ஏறி, படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சுக்குப் போய்விடும். பூஞ்சை அரித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும். ஈரத்துணி பட்டால் படமே வழிந்து வந்துவிடும். அதனால் தண்ணீரை அண்டவே விடக்கூடாது. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் 70 சதவீத ஆல்கஹாலில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான், அதுவும் ஆகாது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் வேண்டும், கெமிக்கல் கடையில் கிடைக்கும். திறந்து வைத்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் சின்னக் குப்பியில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் உலர்த்துதல். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று நாள் வைத்தால் பூஞ்சை காய்ந்து பொடியாகும். மாஸ்க் போட்டுக்கொண்டு, மற்ற ஸ்லைடுகள் இல்லாத இடத்தில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். மே, ஜூனில் கடற்காற்று இறங்குவதற்கு முந்தைய காலை நேரம் இதற்குத் தோது. ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைத் திறக்காமலிருப்பதே நல்லது.

ஆல்கஹாலைத் தொடுமுன் மவுண்ட்டின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய ஊரும் வருடமும் ஆல்கஹால் பட்டால் நீலமாகக் கசிந்துவிடும், அந்த மை ஃபிலிம்மேலும் ஏறும். பூஞ்சை அதிகமென்றால் அட்டையின் ஓரத்தைப் பிளேடால் பிளந்து ஃபிலிமை வெளியே எடுப்பதுதான் சரி.

விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்: பளபளப்பது பேஸ் (வெறும் பிளாஸ்டிக் பக்கம்), மங்கலாக, லேசாக மேடுபள்ளம் தெரிவது எமல்ஷன் (படம் இருக்கும் ஜெலட்டின் பக்கம்). பேஸ் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பஞ்சுக் குச்சியை நனைத்து, சொட்டாதபடி ஒற்றி எடுத்து, ஒரே திசையில் உருட்ட வேண்டும், தேய்க்கவே கூடாது. ஒரு உருட்டலுக்கு ஒரு குச்சி. பஞ்சில் நிறம் ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், எமல்ஷன் கழன்று வருகிறது என்று பொருள்.

சிலந்திவலை மாதிரி மிஞ்சும் கோடுகள் எதற்கும் போகாது. அங்கே சாயமே போய்விட்டது, ஸ்கேனுக்குப் பிறகு கணினியில்தான் திருத்த முடியும். அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டு நீக்கும் ஸ்கேனர் வசதி, எக்டாக்ரோம் வகைக் கோடாக் ஃபிலிமில் நன்றாக வேலை செய்யும். கோடாக்கின் இன்னொரு வகையான கோடாக்ரோமில் பல ஸ்கேனர்களில் அது கருநிழலையும் தூசியென்று எடுத்துக்கொண்டு விளிம்புகளைக் கெடுக்கும், அணைத்துவிடுங்கள்.

அட்டை மவுண்ட்கள் முடிந்தன. கண்ணாடி மவுண்ட்கள் பாக்கி. அவற்றில் கண்ணாடியைக் கழற்றாமல் ஸ்கேன் செய்தால் நியூட்டன் வளையங்கள் (ஃபிலிமும் கண்ணாடியும் ஒட்டும் இடத்தில் தெரியும் வானவில் நிற வளையங்கள்) விழலாம்.