மட்டக்களப்பு, கல்லடி மணலில் ருட்பெக்கியா தண்டு விட்டது

மஞ்சள் பூப் பூக்கும் ருட்பெக்கியா மொட்டு விட்டுவிட்டது! இதுவரை வளர்த்த ஒவ்வொரு பருவத்திலும் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே கிடந்து, கச்சான் காற்று எழுந்ததும் கருகிப்போன செடி இது. இந்த முறை விளக்கின் கீழ் வைத்த சாடிகளில் தண்டு முழங்காலைத் தாண்டி நிமிர்ந்து நிற்கிறது. அதே நாளில் அதே விதையில் முளைத்து, வெளிச்சம் எட்டாமல் கிணற்றடியில் நின்ற சாடிகளில் இன்னும் வெறும் இலைதான். எருவும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. வேறுபாடு இரவில் மட்டுமே.

இந்த ஆசை அக்கா அனுப்பிய படங்களால் வந்தது. டொரன்டோவில் அவர் குடிபோன வீட்டின் பின்வேலி ஓரம் ஆளுயரத்துக்கும் மேலே மஞ்சள் பூக்கள். “தம்பி, இந்தச் சூரியகாந்தி ஒவ்வொரு வருடமும் தானாக வருகிறதே, எப்படி?” என்று கேட்டிருந்தார். பூவைப் பக்கவாட்டில் படமெடுக்கச் சொன்னேன். நடுப்பகுதி தட்டையாக இல்லை. பச்சை நிறத்தில் மேலே புடைத்திருக்க, இதழ்கள் கீழ்நோக்கித் தொங்கின. கீழ் இலைகள் ஆழமாகப் பிளந்திருந்தன, தண்டு வழுவழுப்பு. சூரியகாந்தி என்றால் தண்டு சொரசொரக்கும். இது ருட்பெக்கியா லாசினியாட்டா. பனிக்காலத்தில் நிலத்துக்கு மேலே உள்ளதெல்லாம் பட்டுப்போய், வேர் மட்டும் உயிரோடு கிடந்து, குளிர் விலகியதும் மறுபடி எழும். அதற்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் நின்றது எக்கினேசியா. அதில் சந்தேகம் வந்தால் பூவின் நடுக்கூம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். எக்கினேசியாவின் கூம்பு விறைத்துக் குத்தும், ருட்பெக்கியா குத்தாது.

அந்த ஆளுயரச் செடி நம் கரையோர வெப்பத்தில் தாக்குப்பிடிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் அதே பேரினத்தில் மூன்றடி அளவில் நிற்கும் ருட்பெக்கியா ஹிர்ட்டாவை எடுத்தேன். முதல் வருடமே பூக்கும், விதைக்குக் குளிரூட்டலும் தேவையில்லை. விதை வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘பிளாக் ஐட் சூசன்’ என்று கேட்டு வாங்காதீர்கள். கொழும்பில் ஒரு கடையிலிருந்து எனக்கு வந்து சேர்ந்தது தன்பேர்ஜியா கொடி. அதற்கும் அதே பெயர் வழங்குகிறது. பணம் போனதை விட, கொடி படரத் தொடங்கும்வரை காத்திருந்த பருவம் வீணானதுதான் எரிச்சல். ஹிர்ட்டா என்று எழுதியே கேளுங்கள். சரியான விதை பிறகு நுவரெலியாப் பக்கம் நாற்று வளர்க்கும் ஒருவரிடம் கிடைத்தது.

இனி விளக்கு. ஹிர்ட்டா நெடும்பகல் செடி. ஏறக்குறைய 14 மணி நேரப் பகல் இல்லாமல் தண்டு விடாது. டொரன்டோவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். மட்டக்களப்பில் வருடத்தின் மிக நீண்ட பகலே 12½ மணி நேரம் அளவில் நின்றுவிடுகிறது. எவ்வளவு எருப் போட்டாலும் செடி இலையைத்தான் பெருக்கும். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் புகையிலையை வைத்து 1920இல் எழுதினார்கள். செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடைவிடாத இருட்டின் நீளத்தை என்பது பின்னர் தெளிந்தது. அதனால் மாலையிலிருந்தே விளக்கை எரிக்கத் தேவையில்லை. இருட்டை நடுவில் விளக்கால் முறித்தால் போதும்.

நான் எரிப்பது இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை. 9 வாட் எல்.ஈ.டி பல்ப், சாடிகளுக்கு மூன்றடி மேலே. சிவப்பொளிதான் இதற்கு முக்கியம் என்பதால், வெள்ளை பல்ப்பை விடச் சிவப்பொளி கூடிய, மஞ்சள் வெளிச்சம் தரும் பல்ப்பை எடுத்தேன். இலையருகே செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துத் தெரிய வேண்டும், அவ்வளவு வெளிச்சம் போதும். எட்டுப் பத்து இலை விடும்வரை விளக்கே கொடுக்கவில்லை. குருத்துப் பருவத்தில் கொடுத்து மின்கட்டணத்தை ஏற்றுவதில் பயனில்லை.

உயிரை வாங்கியது டைமர். வட்டைத் திருகும் மலிவான டைமர், மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால் அதன் கணக்கும் இரண்டு மணி நேரம் பின்தங்கும். மின்தடை அடிக்கடி வந்த ஒரு வாரத்தில் விளக்கு விடியற்காலையில் எரிந்துகொண்டிருந்தது. செடிக்கு நடுவில் முறியாத நீண்ட இருட்டு. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரை மாற்றிய பிறகுதான் ஒழுங்கு வந்தது. இந்த ஒரு பொருளில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

மாற்றிச் சில வாரங்களில் நடு இலைகள் படுத்திருப்பதை விட்டு நிமிரத் தொடங்கின. இலைகளுக்கிடையே தண்டு இடைவெளி விட்டது. இப்போது உச்சியில் சட்டைப் பொத்தான் அளவில் மொட்டு. பச்சைப் புறவிதழ்கள் எல்லாம் வெள்ளை மயிர், காலையில் அந்த மயிரில் பனித்துளி நிற்கிறது. பக்கத்து வளவு மாமி, “பூக்கன்றுக்கும் விடிவிளக்கா மகன்?” என்று கேட்டவர், இப்போது தினமும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாக: மணல், தும்புத்தூள், மக்கிய மாட்டெரு. விதையை மேலே தூவினால் எறும்பு கொண்டுபோகும் என்பதால் விதைத் தட்டை, தண்ணீரில் நிற்கும் செங்கல் மேல் வையுங்கள். தை பிறந்து மழை ஓய்ந்த பிறகே விதைக்க வேண்டும். மாரியில் விதைத்தால் நாற்று அழுகும்.

ஹொலிஹொக் என்ற பூச்செடியின் விதையும் வாங்கி வைத்திருக்கிறேன். செவ்வரத்தை, வெண்டிக் குடும்பம். ஆணிவேர் ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் கோபிக்கும். வாழை மட்டையில் உயரமான குழல்கள் செய்து அதிலேயே விதைத்து, குழலோடு நடப்போகிறேன். டெல்பினியம் என்ற குளிர்நாட்டுப் பூச்செடி பற்றி யாரும் கேட்க வேண்டாம், அதற்கு நம் ஊரின் வெக்கையான இரவு ஆகாது. முதலில் ருட்பெக்கியாவுக்குக் கமுகஞ்சலாகை ஊன்றிக் கட்ட வேண்டும். கிணற்றடிச் சாடிகளில் பாதியையும் இந்த வாரமே விளக்கின் கீழ் கொண்டுவருகிறேன். அவையும் தண்டு விட்டால் படங்களோடு எழுதுகிறேன்.