சாமான் ஏற்றுவதற்கு முன்

ஜூன் 2

சாவி கைக்கு வந்துவிட்டது. வீடு காலியாக இருக்கும்போதே அலசிப் பார்த்துவிட வேண்டும். பீரோ வந்து உட்கார்ந்துவிட்டால் அதன் பின்னால் இருக்கும் சுவரை அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போதுதான் பார்ப்போம். விற்றவர் உள்ளே முழுக்கப் புது பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார். பளிச்சென்று இருக்கிறது, எனக்கு அதுதான் சந்தேகம்.

ஒரு வரிசை போட்டுக்கொண்டேன்: உயிருக்கு ஆபத்தானது முதலில், காசைக் கரைப்பது அப்புறம், கண்ணை உறுத்துவது கடைசியில். முன்வாசல் பூட்டை இன்றே மாற்றியாயிற்று. பழைய சாவியின் நகல் யார் யார் கையில் இருக்கிறதோ, யார் கண்டது.

ஜூன் 3

எலக்ட்ரீஷியன் வந்தார். மெயின் பாக்ஸைத் திறந்ததும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். அழுத்தினார், அசையவில்லை. இன்னொரு முறை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

உள்ளே போகிற மின்சாரமும் திரும்பி வருகிறதும் ஒரே அளவா என்று கவனிப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது அந்த அளவு யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போனால், உடனே துண்டித்துவிடும். எம்சிபி இதைச் செய்யாது. அது ஒயர் சூடாகி எரியாமல் பார்த்துக்கொள்வதற்கு. இங்கே அதுவும் தகராறு. லைட்டுக்குப் போகும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி மாட்டியிருக்கிறார்கள். “அடிக்கடி விழுதுன்னு பெருசா போட்டிருப்பாங்க சார். இனிமே இது விழாது, ஒயர்தான் உருகும்” என்றார்.

சமையலறை பிளக் பாயின்ட்டைக் கழற்றினால், எர்த்துக்கான பச்சை ஒயர் வெட்டப்பட்டு டேப் சுற்றி மடக்கி வைக்கப்பட்டிருந்தது. வெளியே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டு ஒயர். எல்லா போர்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 5

குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர். புகை வெளியே போகக் குழாயும் இல்லை, ஜன்னலும் சிறியது. காற்று போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கழற்றச் சொல்லியாயிற்று, இதில் யோசிக்க எதுவும் இல்லை.

பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சின்னக் குழந்தை நுழைந்துவிடும். இங்கே கம்பிகள் நெருக்கமாகத்தான் இருக்கின்றன, ஆனால் படுக்கை வாட்டில். குழந்தை கால் வைத்து ஏற வசதி! மாற்ற வேண்டும்.

ஜூன் 8

ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டரைப் படம் எடுத்து வைத்தேன். காலையில் எண் நகர்ந்திருந்தது. கழிவறை ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் கலர்ப் பொடி கலந்தேன். அரை மணி நேரத்தில், ஃபிளஷ் செய்யாமலேயே கலர் கீழே வந்துவிட்டது. ரப்பர் வாஷர் போயிருக்கிறது. சின்ன வேலை.

ஜூன் 11

படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் லேசாகப் பொருமியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே மணல் நொறுங்குகிறது. ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, முழுதாக இரண்டு நாள் விட்டேன். தாளின் வெளிப்பக்கம் ஈரம் என்றால் அறைக் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இன்று பிரித்தேன். சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர். அந்தப் பக்கம் குளியலறை.

கொத்தனார் இந்தப் பக்கமே ஏதோ கெமிக்கல் பூசிவிடலாம் என்கிறார். தண்ணீர் வருகிற வழியை அடைக்காமல் பூசினால் ஈரம் பக்கத்துச் சுவருக்கு நகரும், அவ்வளவுதான். குளியலறை டைல்ஸைப் பெயர்க்கச் சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

ஜூன் 15

நல்ல மழை. குடையோடு மொட்டைமாடிக்குப் போனேன். வாட்டம் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒரு மூலையில் தண்ணீர் தேங்குகிறது. வடிகுழாய் வாயில் சருகு அடைத்திருந்தது. எடுத்ததும் வடிந்தது.

சன்ஷேடின் அடியைச் சுத்தியலால் தட்டியபோது ஓரிடத்தில் பொள்ளென்று சத்தம். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருத்து, அதை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிதுக்கித் தள்ளும். அது பெயர்ந்து தலையில் விழுவதற்குள் கொத்த வேண்டும். ஜன்னல் மூலையில் ஒரு சாய்வு விரிசலும் இருக்கிறது. இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். கோட்டைத் தாண்டி நீண்டால் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 20

புது ஆர்சிசிபி மாட்டியாயிற்று. பட்டனை நானே அழுத்திப் பார்த்தேன், விழுந்தது. குளியலறை வேலை பாதியில் நிற்கிறது. சாமான் வண்டியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். படுக்கையறைச் சுவர் காயும்வரை பீரோ கூடத்திலேயே இருக்கட்டும்.