இடையாள் கையில் இல்லாத அட்டை

கீழக்கரையில் சங்குக் கடை ஒன்றின் மாடியை வாடகைக்கு எடுத்து, வெளியூர் நிறுவனம் ஒன்றுக்காக, டிஜிட்டல் சேகரிப்பு அட்டைகளை பிட்காயினின் லைட்னிங் சேனல்கள் வழியே கைமாற்றும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது நான் செய்த பெரிய பிழை, பணம் போகும் வழியிலெல்லாம் பொருளும் போகும் என்று நம்பியதுதான்.

ஜோசப் பூனும் தாடியஸ் டிரைஜாவும் 2016இல் விவரித்த அந்த லைட்னிங் ஏற்பாட்டில், இருவர் கையொப்பமும் சேர்ந்தால் மட்டுமே திறக்கும் பூட்டில் ஒரு தொகையைப் போட்டுவைக்கிறார்கள் (இதுதான் சேனல்); அதன்பின் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கைத் தமக்குள்ளேயே புதிது புதிதாக எழுதிக்கொள்வதால், பிளாக்செயின் என்னும் பிட்காயினின் பொதுப் பேரேட்டில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒன்றாகச் சேரும் பதிவுத் தொகுதியான பிளாக்குக்காக ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியதில்லை. நேரடிச் சேனல் இல்லாதவருக்கு இடையாள் மூலம் அனுப்பலாம். நான் இடையாளிடம் 500 சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) தருகிறேன், அவர் தம்முடைய 500 சடோஷியை அடுத்தவருக்குத் தருகிறார். இரண்டும் ஒரே ரகசிய எண்ணால் பூட்டப்பட்டிருப்பதால் நடுவில் யாரும் விழுங்க முடியாது.

இருவருக்கிடையே சோதித்தபோது அட்டை ஒழுங்காகக் கைமாறியது. மூன்றாவது நோடை, அதாவது இடையாளின் கணினியை, நடுவில் வைத்ததும் 'வழி இல்லை' என்று வந்தது. வழிதேடும் நிரலில்தான் கோளாறு என்று இரண்டு நாள் துருவினேன்; நிரல் சரியாகவே சொல்லியிருந்தது. இடையாள் என் அட்டையைச் சுமந்து செல்வதில்லை, தம்மிடம் முன்பே உள்ள அதே அட்டையைத் தருகிறார். ஒரே பிரதியான அட்டை அவரிடம் எப்படி இருக்கும்? பிட்காயின் மேல் இயங்கும் கவுண்டர்பார்ட்டி என்ற ஏற்பாட்டில் 2016இல் வந்த ரேர் பெப்பே என்ற சேகரிப்பு அட்டை வரிசையின் முதல் அட்டைக்கு 300 பிரதிகள் உண்டு. அதற்காவது இடையாள் அகப்படலாம்.

ஆகவே அட்டை நேரடிச் சேனலில் மட்டும் செல்லும், விலைப்பணம் எந்த வழியாகவும் வரலாம் என்று மாற்றினோம். வாங்குபவர் ரகசிய எண்ணைக் காட்டி அட்டையை எடுத்தால், விற்றவர் அதே எண்ணால் பணத்தை எடுத்துக்கொள்வார்.

இதைக் கீழே கடைக்காரக் காக்காவிடம் (இங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) பெருமையாகச் சொன்னேன். வலம்புரி ஒன்றைத் துடைத்தபடியே அவர், "வித்த பொறகு பழைய சீட்டக் காட்டி, இது என்னுதுண்டு வந்தா என்ன செய்வீங்க தம்பி?" என்றார்.

பழைய கணக்கை வெளியிட்டு ஏமாற்றுபவரின் பங்கு முழுவதையும், குறித்த கெடுவுக்குள் கவனித்துவிட்டால், மற்றவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது லைட்னிங்கின் தண்டனை. (144 பிளாக் கெடு என்றால் ஏறக்குறைய ஒரு நாள், ஐப்பசி மழையில் இங்கே மின்சாரம் போய்விட்டால் என்பது தனிக் கவலை.) ஆனால் அட்டையைக் கொடுத்து முடித்தவரிடம் இழப்பதற்கு என்ன இருக்கிறது? ஏமாற்றினால் இழக்க ஏதாவது இருக்கட்டும் என்று பணச் சேனலில் வழக்கமாக 1 சதவீதத்தை இருப்பாக நிறுத்திவைப்பார்கள். ஒற்றை அட்டையில் நூறில் ஒரு பங்கு என்று எதுவும் கிடையாது.

முடிவில், அட்டையின் விலைக்கு ஈடான சடோஷியை விற்பவர் பிணையாக வைக்கும்படி செய்தோம். விலை ஏறினால் பிணை போதாது என்பதால், விலையுயர்ந்த அட்டையை வாங்கியவுடன் சேனலை மூடி பிளாக்செயினிலேயே பதிந்துவிடுங்கள் என்று திரையில் ஓர் அறிவிப்பும் வைத்தேன். விரைவுக்காகத் தொடங்கிய வேலையில் அப்படி எழுத நேர்ந்தது எனக்கு உறுத்தியது; ஆனாலும் அறிவிப்பை நான் நீக்கவில்லை.