மாடிப்படித் திருப்பம், வேனின் கடைசி சீட்

ஜூலை 7

பிள்ளைகளைச் சக பிள்ளைகளே மிரட்டிக் கொடுமைப்படுத்துவது எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஆறு முதல் எட்டு வரை எல்லாரிடமும் இன்று பள்ளிக்கூடத்தின் வரைபடத்தையும் பள்ளி வேனின் படத்தையும் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம். பயமாக இருக்கிற இடத்துக்குச் சிவப்பு, நிம்மதியாக இருக்கிற இடத்துக்குப் பச்சை. மாலையில் தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தால், கழிப்பறைக்குப் போகும் மாடிப்படித் திருப்பத்தில் அப்படியொரு சிவப்பு. வேன் படத்தில் கடைசி சீட்டும் அதேபோல. வகுப்பறைகள் பெரும்பாலும் பச்சைதான். ஆசிரியர் கண்ணில் படாத இடம் எதுவென்று நம்மைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நியூயார்க் நகரின் 30 நடுநிலைப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம் வகுப்புகளை வைத்து இப்படி ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. வகுப்பில் பாடம் மட்டும் நடத்திய இடங்களில் பெரிய மாற்றமில்லை. பிள்ளைகள் வரைபடத்தில் காட்டிய இடங்களில் பெரியவர்கள் போய் நின்ற பள்ளிகளில் பாலியல் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. ஆகவே உறுதிமொழி, போஸ்டர் எல்லாம் அப்புறம். நாளை முதல் பீரியட் மாறும்போதெல்லாம் அந்தத் திருப்பத்தில் எங்களில் ஒருவர் நிற்போம்.

ஜூலை 10

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். கடைசி மணி அடித்த பிறகும் அவன் தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டுவந்தபடியே கழுத்துவரை நிறைந்திருந்தது. மற்றவர்கள் போனபின் கேட்டேன்.

"குடிச்சா பாத்ரூம் போகணுமே டீச்சர்."

அதற்குமேல் மெதுவாகத்தான் வந்தது. படித் திருப்பத்தில் வழிமறிப்பது, பட்டப்பெயர், பையைப் பிடுங்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வீசுவது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர், இன்னும் ஜாஸ்தியாயிடும்" என்றான்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் கூடாது. "யார்கிட்ட சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன். உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா" என்றேன். எப்போது, எங்கே, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அவன் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைத்தேன். தலைமையாசிரியரிடமும் அவன் அம்மாவிடமும் பேசப் போகிறேன் என்று சொன்னபோது தலையாட்டினான்.

ஜூலை 14

ஆசிரியர் கூட்டம். "ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வெச்சு சமாதானம் பண்ணிடலாமே" என்றார் ஒருவர். நல்ல மனதோடு சொன்னார். ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சமாதானம் என்பது சம பலமுள்ள இருவர் சண்டைக்கு. நார்வேயில் 1982 கடைசியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். பள்ளியில் சக மாணவர்களிடம் பட்ட கொடுமைதான் காரணம் என்று கருதப்பட்டது. அடுத்த ஆண்டே நாடு முழுவதும் தடுப்பு இயக்கம் தொடங்கியது. அதில் முன்னின்ற உளவியலாளர் டான் ஓல்வியஸ் இத்தகைய கொடுமைக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. எங்கள் பையன் விஷயத்தில் மூன்றும் இருக்கின்றன. ஒரே அறையில் உட்காரவைத்தால் அவன் அங்கேயும் பயந்துதான் பேசுவான். தனித்தனியாகப் பேசுவதென்று முடிவானது.

ஜூலை 18

சுற்றி நின்ற பிள்ளைகளிடம் பேசினேன். "சும்மா வேடிக்கைதான் பாத்தோம் டீச்சர், நாங்க எதுவும் பண்ணல." அந்த வேடிக்கைதான் சீண்டுகிறவர்களுக்குத் தெம்பு தருகிறது. கனடாவில் உளவியல் ஆய்வாளர்கள் டெப்ரா பெப்ளர், வென்டி கிரெய்க் குழுவினர் பள்ளி மைதானத்தில் நடந்ததைக் கேமராவில் பதிவுசெய்து 2001ல் வெளியிட்டார்கள். சக பிள்ளை ஒருவர் குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை 10 நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. ஆனால் அப்படிக் குறுக்கிட்டது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான சம்பவங்களில்தான்.

வீரம் காட்டச் சொல்லவில்லை. அடிக்கிறவனோடு மல்லுக்கு நிற்கவே வேண்டாம். மாட்டிக்கொண்டவன் தோளில் கைபோட்டு, "டேய், உன்னைத் தேடிட்டிருந்தேன், வா போலாம்" என்று நகர்த்திக்கொண்டு வந்தால் போதும். இதையே நடித்துப் பழகினோம். முடியாதவர்கள் ஓடிவந்து எங்களிடம் சொல்லலாம். அது கோள் மூட்டுவது ஆகாது என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 22

வழிமறித்த பையனின் அம்மா வந்திருந்தார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்ட படங்களைப் பாதிக்கப்பட்டவனின் அக்கா அழிக்காமல் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால், நடந்ததா இல்லையா என்ற வாக்குவாதமே எழவில்லை. அவன் செய்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும். இடைவேளையில் தினமும் ஒரு ஆசிரியரோடு இருப்பான், குழுவிலிருந்து விலக்கியாயிற்று. எல்லார் முன்னாலும் நிறுத்தி அவமானப்படுத்துவதில்லை என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அவமானத்தை அவன் படித் திருப்பத்தில்தான் இறக்கி வைப்பான். ஆலோசகரிடமும் போகிறான், வீட்டில் அண்ணன் கையால் அடிவாங்குகிறான் என்பது அங்கேதான் தெரிந்தது.

ஜூலை 31

பையனைத் தனியாகப் பார்த்தேன். படியில் யாரும் மறிப்பதில்லை என்றான். வேனில் மட்டும் இன்னும் முன் சீட்டுக்கு ஓடிவிடுகிறான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேனில் உடன் வரும் உதவியாளர் டிரைவர் பக்கத்தில் உட்காருவதுதான் வழக்கம். வரும் திங்கள் முதல் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறோம். எட்டாம் வகுப்புப் பெற்றோர் இருவர், தங்கள் பிள்ளைகளை நாங்கள் சந்தேகப்படுவதாக வருத்தப்பட்டார்கள். நாளை அவர்களைப் பார்க்கும்போது அந்த வேன் படங்களைக் கையோடு எடுத்துப் போகிறேன். அவற்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தீட்டிய சிவப்பும் இருக்கிறது.