இடப்பக்கம்: மார்ச் முதல் மே வரை

மார்ச் 3, 2025, திங்கள்

சிங்கப்பூரில், இடப்பக்க மார்பில் புற்றுநோய்க்கு ரேடியேஷன் (கதிர் சிகிச்சை) தொடங்கப்போகிறது. நாளை சிமுலேஷன், அதாவது சிகிச்சைக்குப் படுக்கும் நிலையைக் குறித்துவைக்கும் ஒத்திகை. சிடி ஸ்கேன் எடுத்து, தோலில் கடுகளவு மைப்புள்ளிகள் குத்துவார்கள். நாளைக்கு எப்படிப் படுக்கிறோமோ அப்படியேதான் சிகிச்சை முடியும்வரை தினமும் படுக்க வேண்டும். சொல்ல வேண்டியதை அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் சில சமயம் திட்டத்தையே மறுபடி போட வேண்டிவரும்.

பேஸ்மேக்கர், முன்பே நெஞ்சில் வாங்கிய ரேடியேஷன், கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு: இவற்றை அவர்களே கேட்பார்கள். தோளை நாம்தான் சொல்ல வேண்டும். அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குக் கை தலைக்கு மேல் போகாது, போனாலும் பத்து நிமிடம் நிற்காது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் நடுவில் தோள் தானாக இறங்கும், மார்பும் கூடவே நகரும். வலி நிவாரணியை அரைமணி, முக்கால் மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கலாம். பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம்.

தாலிச் சங்கிலி பற்றியும் நாளைக்கே பேசிவிட வேண்டும். கதிர் போகும் பாதையில் தங்கம் கிடக்கக் கூடாது. கழற்ற மனமில்லை என்றால் ஒதுக்கி வைக்க முடியுமா என்று பார்த்துச் சொல்வார்கள். முடியாது என்றால் முடியாதுதான். மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறேன் என்றால், ஈரக்கயிறு உரசும் இடத்தில் தோல் சீக்கிரம் புண்ணாகும்.

மார்ச் 4, செவ்வாய்

இடப்பக்கம் என்பதால் மூச்சைப் பிடிக்கும் முறை. ஆழமாக இழுத்து இருபது விநாடி போல நிறுத்த வேண்டும். நுரையீரல் விரிந்து இதயம் மார்புச்சுவரை விட்டு விலகும், இதயத்துக்குப் போகும் அளவு குறையும். பலர் செய்யும் தவறு, முதுகை வளைத்து நெஞ்சைத் தூக்கிக் காட்டுவது. உயரம் சரியாக வந்துவிடும், ஆனால் நுரையீரல் விரிந்திருக்காது. முதுகு மெத்தையில் ஒட்டியபடியே இருக்க வேண்டும். மூக்கடைப்போ சளியோ இருந்தால் உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

திட்டம் இன்னும் தயாராகவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

சிகிச்சை தொடங்கிவிட்டது. பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கங்கள். தினமும் கேட்பார்கள். தெரிந்த முகம்தானே என்று அலுத்துக்கொள்ளக் கூடாது. கேட்க மறந்தால் நாமாகச் சொல்லி, எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அவர்கள் நம்மை இழுத்து நகர்த்தும்போது உதவி செய்யக் கூடாது. உடம்பை அப்படியே விட்டுவிட வேண்டும். எல்லோரும் வெளியே போய்க் கதவு சாத்துவார்கள். கேமராவும் மைக்கும் இருக்கின்றன. ஏதாவது என்றால் வாயால் சொல்வதா, கையை அசைப்பதா என்று படுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும், இடத்துக்கு இடம் மாறும். இருமல் வருகிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. கதிரை நிறுத்திவிட்டு வருவார்கள். மீண்டும் தொடங்கும்போது மிச்சம் இருப்பதைத்தான் கொடுப்பார்கள், முதலிலிருந்து அல்ல. நடுவில் நிறுத்தினால் இரண்டு மடங்கு போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

மார்ச் 12, புதன்

ஆண் ஊழியர் இருந்தால் கூச்சமாக இருக்கிறது என்று சொல்வதில் தவறில்லை. பெண் ஊழியர் வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால் ஆள் இருக்கும்வரை ஏற்பாடு செய்வார்கள். மறுபக்கத்தை மூடிக்கொள்ளத் துணி கேட்டாலும் தருவார்கள்.

மார்ச் 14, வெள்ளி

வாரம் ஒருமுறை டாக்டர் பார்க்கும் நாள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. போன வாரம் பார்த்தவரே இந்த வாரமும் இருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. "ஓகேயா ஆன்ட்டி?" என்பார், நாமும் "ஓகே" என்போம், அதோடு முடிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா காலை முழுக்க மருமகளிடம் எரிச்சல், எரிச்சல் என்று புலம்பிவிட்டு, உள்ளே போய் ஓகே சொல்லிவிட்டு வந்தார். மருமகளுக்குக் கோபமான கோபம்.

அவர் கேட்பதற்கு முன் நாம் தொடங்கிவிட வேண்டும். எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு பெரிது, உலர்ந்ததா ஈரமா, வலி பத்துக்கு எத்தனை, ராத்திரி தூக்கம் கெடுகிறதா. "மார்புக்குக் கீழ் மடிப்பில், செவ்வாயிலிருந்து, 20 காசு நாணய அளவு, ஈரமில்லை, வலி மூன்று, உள்ளாடை போட்டால் ஐந்து." இப்படிச் சொன்னால் அவர் எழுதியே ஆக வேண்டும். ஒரே விளக்கில், ஒரே கோணத்தில் போனில் படம் எடுத்து வைத்தால் யார் வந்தாலும் போன வாரத்தோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

மகன் கூட நின்றால் சில அம்மாக்கள் மார்பைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். தமிழ் பேசும் மிஸ்ஸி (நர்ஸ்) யாராவது இருக்கிறார்களா என்று பதிவு மேசையிலேயே கேட்டுவிடலாம்.

மார்ச் 16, ஞாயிறு

வாட்ஸ்அப்பில் மறுபடியும் மஞ்சள், சந்தனம், கற்றாழை, தேங்காய் எண்ணெய். அனுப்புகிறவர்களுக்கு அன்பு நிறைய. படித்தால் எரிச்சல் வருகிறது! குழம்பில் போடும் மஞ்சளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையாக, குப்பியில் வாங்கிச் சாப்பிடும் குர்குமின் (மஞ்சள் சத்து), அதிக அளவு வைட்டமின் எல்லாவற்றையும் பெயரோடு டாக்டரிடம் சொல்ல வேண்டும். பட்டியல் எழுதுவதைவிட டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுவது மேல். தோலில் தடவும் எதையும், அவர்கள் கொடுத்ததைத் தவிர, கேட்காமல் தடவக் கூடாது. டால்கம் பவுடர் இங்கே இருக்கும் வியர்வைக்கு மடிப்பில் கட்டியாகி உரசும்.

மார்ச் 19, புதன்

அசதி. ரயிலில் பிடோக்கிலிருந்து மருத்துவமனை இருக்கும் ஊட்ரம் பார்க் வரை உட்கார இடம் கிடைத்தும் அசதி.

மார்ச் 21, வெள்ளி

தோல் சிவக்கும் என்று கையேட்டில் இருக்கிறது, படமும் வெள்ளைத் தோலில்தான் இருக்கிறது. நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. முதலில் சூடு, பிறகு இறுக்கம், பிறகு கரும்பழுப்பு, சிலருக்கு ஊதா கலந்த கருமை. பார்க்கிறவர் சிவப்பைத் தேடினால் "நன்றாக இருக்கிறதே" என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. புறங்கையை முதலில் வலப்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு இடப்பக்கம் வைத்தால் சூட்டின் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதை அவரிடம் சொல்லி, "தொட்டுப் பாருங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்டால் தொட்டுப் பார்ப்பார்கள். என் தோலின் வழக்கமான நிறம் இதுவல்ல என்று சொல்வதற்கு மறுபக்கமே சாட்சி.

மடிப்பும் அக்குளும் முதலில் கெடும். தோலும் தோலும் உரசும், வியர்வை நிற்கும், கதிரும் அங்கே சாய்வாக விழும். பருத்தித் துணியைச் சின்னதாக மடித்து உள்ளே வைத்து, ஈரமானதும் மாற்ற வேண்டும். சிகிச்சைக்குப் போகும்போது எடுத்துவிட வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

மெஷின் பழுது. இரண்டு மணி நேரம் காக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விட்ட தவணை கடைசியில் சேருமா, இல்லை வேறு ஏற்பாடா? பொதுவாகக் கடைசியில் சேர்ப்பார்கள். நாமாக ஒருநாள் லீவு போடுவது வேறு விஷயம், அது கூடாது.

மார்ச் 26, புதன்

மடிப்பில் ஈரம். நீர் மாதிரி கசிந்து துணி ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்கக் கூடாது, உப்புநீரில் நனைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டரும் ஒட்டக் கூடாது, எடுக்கும்போது தோலோடு வந்துவிடும். வெள்ளிக்கிழமை டாக்டர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய விஷயமும் இல்லை இது. அன்றன்றைக்கு மேசையில் படுக்க வைக்கும் தெரபிஸ்டிடம் சொன்னால் அங்கேயே நர்ஸைக் கூப்பிடுவார். ஒட்டாத டிரெஸ்ஸிங் கொடுத்தார்கள்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். சிகிச்சை இல்லை. பக்கத்து வீட்டு மலாய் மச்சிக் (ஆன்ட்டி) ரெண்டாங் இறைச்சிக் கறி கொண்டுவந்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இப்போது பூஸ்ட் (கூடுதல் கதிர்) மட்டும், கட்டி இருந்த இடத்துக்கு. முழு மார்புக்கு இப்போதெல்லாம் பரவலாகக் கொடுப்பது 15 தவணையில் 40 கிரே (கதிரின் அளவு). பூஸ்ட் அதற்கு மேல், எல்லோருக்கும் கிடையாது. வயது, கட்டியின் தன்மை, அறுவையில் எடுத்த திசுவின் ஓரம் இவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஐந்தே தவணை, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று மனசுக்குள் வைத்துக் குமைவதற்குப் பதில் கேட்டுவிடலாம். ஐந்து தவணையில் 26 கிரே என்பதும் முறையான திட்டம்தான், 2020இல் அதன் ஐந்தாண்டு முடிவுகள் வந்தன. யாருக்கு எது என்பதற்குக் காரணம் உண்டு, சொல்லச் சொன்னால் சொல்வார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

கடைசி நாள். எல்லோரும் கைகுலுக்கி அனுப்புவார்கள், படம் எடுப்பார்கள். தோல் மிக மோசமாவது பெரும்பாலும் இதற்குப் பிறகு ஒன்று, இரண்டு வாரத்தில்தான். தினமும் பார்த்த கண்கள் இல்லாத நேரம் பார்த்து! ஆகவே கைகுலுக்குவதற்கு முன் மூன்று கேள்வி. புண் பெரிதானால் எந்த எண்ணை அழைப்பது? ராத்திரியும் வார இறுதியிலும் யார் எடுப்பார்கள்? டிரெஸ்ஸிங் தீர்ந்தால் எங்கே வாங்குவது? பதிலை எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

வலி ஆறு. ஈரம் 50 காசு நாணய அளவு. உடல் சூடு 37.2 டிகிரி. எழுதி வைத்த எண்ணை அழைத்தேன், திங்கள் காலை வரச் சொன்னார்கள். 38க்கு மேல் போனால், நடுக்கம் வந்தால், மார்பிலோ கையிலோ சூடும் நிறமாற்றமும் பரவினால் திங்கள்வரை பார்க்கக் கூடாது, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். ரவிக்கையின் கீழ்ப்பட்டி சரியாக மடிப்பின் மேல்தான் உட்காரும். கோவிலுக்குத் தளர்ந்த பருத்திக் குர்தாதான். "புதுவருஷத்துக்குப் புடவை இல்லையா?" என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

மே 20, செவ்வாய்

உலர் இருமல். சளி இல்லை. மாடிப்படி ஒரு தளம் ஏறினால் மூச்சு வாங்குகிறது. 37.6.

ரேடியேஷன் முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் நுரையீரலில் அழற்சி வரலாம். சாதாரண சளிக்காய்ச்சல் மாதிரியே இருக்கும். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனால் கிருமித்தொற்று என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பக்கூடும். அங்கே உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே இதுவாக இருக்க வேண்டும்: "இடப்பக்க மார்புக்கு ரேடியேஷன், ஏப்ரல் 7 முடிந்தது." அழற்சி என்றால் ஸ்டீராய்டு தேவைப்படலாம், அதன் அளவையும் எத்தனை வாரம் என்பதையும் புற்றுநோய் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் அழைக்க வேண்டியது, எழுதி வைத்த எண். திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995.

எட்டரைக்கு லைன் திறக்கும்.