சீனியும் வோல்ற்றும்

ஜூன் 2, திங்கள்

அம்மாக்குக் காலமை வெறும் வயித்தில சீனி 214. அவவின்ர பழைய குழாய் ரீவியும் போச்சு.

ஜூன் 3, செவ்வாய்

சுவிச்சை அமத்தினால் டொக் எண்டு உள்ள போகுது, அவ்வளவுதான். முந்தி அமத்தின உடன 'தூம்ம்' எண்டு ஒரு சத்தம் வரும், ஸ்கிரீனுக்குக் கிட்டக் கையைக் கொண்டு போனால் கைமயிர் எல்லாம் எழும்பி நிக்கும், இப்ப சிவப்பு லைற் கூட இல்லை. அதே சொக்கற்றில அயன் பெட்டியைக் குத்திப் பாத்தன், சுடுது. பிளக்கைக் கழட்டி உள்ளுக்க இருக்கிற பியூஸையும் பாத்தன், அதுவும் சுகமாத்தான் இருக்கு. அப்ப வருத்தம் பெட்டிக்குள்ளதான்.

அண்ணா வட்ஸ்அப்பில "காசு போடுறன், புதுசா ஒண்டு வாங்கிக் குடு" எண்டுறார். அவருக்கு எல்லாத்துக்கும் அதுதான் மருந்து. முன் அறைச் சுவரில ஏற்கனவே ஒரு தட்டை ரீவி தொங்குது, அதைப் போடவே அம்மா விடமாட்டா, தகரத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி இருக்காம். அதிலயும் ஞாயம் இருக்கு, மெல்லிசு ரீவிக்கு ஸ்பீக்கர் சுவரைப் பாத்துக்கொண்டெல்லோ கிடக்கு, இதுக்கு ரெண்டு பக்கமும் முன்னுக்கு, நல்ல பெரிசு. அவவுக்கு இப்ப ரீவி எண்டால் சத்தம் மட்டும்தான். ஆரின்ர முகத்தைப் பாத்தாலும் பால் ஊத்தின மாதிரித் தெரியுது எண்டுறா.

ஜூன் 4, புதன்

209. சீனி இறங்காமல் கண் ஒப்பரேஷனில கை வைக்கமாட்டன் எண்டிட்டார் டொக்டர்.

ஜூன் 5, வியாழன்

வேலையால வந்து ரீவியின்ர முதுகைக் கழட்டினன். எட்டு ஸ்க்ரூ, ஒண்டு துருப்பிடிச்சுத் தலை வழுக்குது. கொழும்பு வெள்ளவத்தையில கடல் பக்க ஒழுங்கையில இருந்தால் இதுதான், யன்னல் கம்பியையே தின்னுற உப்புக்காத்து ரீவியை மட்டும் விடுமே. உள்ளுக்க தூசி கம்பளி மாதிரி. பல்லிமுட்டைக் கோது மூண்டு.

அப்பா திருத்தேக்க நான்தான் ரோச் பிடிக்கிறது. எங்க கை வைக்கக்கூடாது எண்டதைத்தான் அவர் முதல் காட்டித்தந்தவர். பிளக்கைக் கழட்டினாலும் அந்தப் பெரிய கப்பாசிற்றர் 300 வோல்ற்றுக்கு மேல பிடிச்சு வைச்சிருக்கும், படக்குழாயில ரப்பர் தொப்பி போட்ட தடிச்ச வயர் இருக்கே, அது ரீவி ஓடேக்க 20,000க்கும் மேல, அதின்ர பக்கமே போகாதை எண்டுவார். மீற்றரை வைச்சன், கப்பாசிற்றரில 2 வோல்ற். மூண்டு நாள் கிடந்ததில வடிஞ்சு போச்சு. எண்டாலும் இடக்கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டுதான் மற்றக் கையால தொட்டன், அதுவும் அவற்ற பழக்கம்.

கண்ணாடி பியூஸ் உள்பக்கம் கரியும் வெள்ளியும் பூசின மாதிரி இருக்கு. கம்பி மட்டும் அறுந்திருந்தால் வயசு போய் அறுந்தது எண்டு நினைக்கலாம், இப்பிடிக் கறுத்திருந்தால் எங்கயோ நேர ஷோர்ட். புதுசு போட்டாலும் அடுத்த செக்கன் அதுவும் போகும்.

பதினொரு மணிக்கு அம்மா கதவடியில. "என்ன பிள்ளை, சரிவந்ததே?"

ஜூன் 6, வெள்ளி

198. கொஞ்சம் இறக்கம். அப்பாவின்ர ரோச்சைத் தேடினன், காணேல்லை.

ஜூன் 7, சனி

கரண்ட் உள்ள வாற இடத்தில இருக்கிற நாலு டயோட்டில ரெண்டு, மீற்றரை எப்பிடி மாத்தி வைச்சாலும் பீப் எண்டுது. டயோட் எண்டால் ஒரு பக்கம் விடோணும், மற்றப் பக்கம் மறிக்கோணும். போர்ட்டில இருக்கேக்க மீற்றர் பொய் சொல்லும் எண்டு ஒவ்வொண்டின்ர ஒரு காலையும் தூக்கிப்போட்டும் பாத்தன், அதே பீப்தான். கள்ளனைப் பிடிச்சாச்சு. உடன பெற்றா கடைத்தெருவுக்கு ஓடலாம் எண்டால் இண்டைக்கு ஹஜ் பெருநாள், அரைவாசிக் கடை பூட்டு.

மேல் வீட்டு முஸ்லிம் அக்கா, ராத்தா, இனிப்பு வட்டிலாப்பம் குடுத்து விட்டவ. நான் குளிச்சிட்டு வர அரைக் கிண்ணம் இல்லை. "நான் மணந்துதான் பாத்தனான்" எண்டுறா அம்மா.

ஜூன் 8, ஞாயிறு

மணந்து பாத்ததுக்கு 236.

ஜூன் 9, திங்கள்

அரை நாள் லீவு போட்டு 101 பஸ்ஸில பெற்றா, முதலாம் குறுக்குத்தெரு. கடைக்காரர் பழைய டயோட்டை விரலுக்குள்ள உருட்டிப் பாத்திட்டு 4007 போடாதீங்கோ, அது ஒரு அம்பியர்தான், 5408 எடுங்கோ, 3 அம்பியர், 1000 வோல்ற் தாங்கும் எண்டு நாலைத் தந்தார். ரெண்டுதான் பழுது, எண்டாலும் நாலையும் மாத்தச் சொன்னார். பஸ் காசும் சாமான் காசும் ஏறக்குறைய ஒண்டு.

கஷ்டப்பட்டது பல்ப்புக்கு. பழைய குண்டு பல்ப் ஒண்டை வயரோட தொடராப் போட்டுத்தான் ரீவிக்குக் கரண்ட் குடுக்கோணும். இன்னும் ஷோர்ட் கிடந்தால் பல்ப் பத்தும், ரீவி தப்பும். எல்ஈடி இதுக்குச் சரிவராது. அஞ்சு கடை ஏறி இறங்கினன், எல்லாரும் எல்ஈடியைத்தான் நீட்டினம். கடைசியா ஒரு ஹார்ட்வெயர் கடை ஐயா தட்டின்ர அடியில இருந்து 100 வோட்ஸ் ஒண்டை எடுத்துத் துடைச்சுக்கொண்டே கேட்டார், "என்ன தங்கச்சி, கோழிக்குஞ்சுக்கோ?"

ஓம் எண்டிட்டன். அம்மாக்கு எண்டு சொல்ல வெக்கமா இருந்துது.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா. 201. றோட்டெல்லாம் தன்சல், சும்மா சாப்பாடு குடுக்கிற பந்தல், ஒலிபெருக்கியில பக்திப்பாட்டு, ஐஸ்கிறீம் தன்சலுக்குச் சனம் மதிலோட வளைஞ்சு நிக்குது. அம்மாவை யன்னலடிக்கு விடேல்லை.

5408 டயோட்டின்ர கால் தடிப்பு, போர்ட் ஓட்டைக்குள்ள போகுதில்லை. ஊசியால ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாப் பெருப்பிச்சன், செப்புக்கோடு தாள் மாதிரி உரிய வெளிக்கிட்டுது, நெஞ்சு பக்கெண்டுது. ரெயில் கோச்சி போகேக்க வீடு நடுங்கும், அப்ப சோல்டர் அயனைத் தூக்கிக்கொண்டு நிக்கிறதும் திரும்பத் தொடங்கிறதுமா மூண்டு மணித்தியாலம். டயோட்டில கோடு இருக்கிற பக்கத்தைப் பிழையா வைச்சால் திரும்பவும் ஷோர்ட் எண்டு நாலையும் நாலு தரம் பாத்தன்.

போடப் பயம். நாளைக்கு.

ஜூன் 11, புதன்

பல்ப் ஒருக்காப் பளிச்செண்டு பத்தி உடன மங்கிச்சுது!!! பெரிய கப்பாசிற்றர் நிரம்பிற்று, ஷோர்ட் இல்லை. பல்ப்பைக் கழட்டி நேரக் குடுத்தன். சிவப்பு லைற். தூம்ம். கையைக் கொண்டு போனன், மயிர் எழும்பிச்சுது. சத்தம் வந்துது, அம்மான்ர சீரியல் மாமியார் வீடு முழுக்கக் கத்துறா.

படம் இல்லை. ஸ்கிரீனுக்கு நடுவால ஒரு வெள்ளைக் கோடு, குறுக்க, நூல் பிடிச்ச மாதிரி. அவ்வளவுதான். படத்தை மேலயும் கீழயும் விரிக்கிற பகுதி வேலை செய்யேல்லை, பழைய ரீவியில இது வழக்கமான வருத்தம். அப்பிடியே விட்டால் குழாயில தழும்பு விழும் எண்டு வெளிச்சத்தைக் குறைச்சன்.

அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்திட்டா. "நல்லாத்தான் இருக்கு பிள்ளை, மூடி வை" எண்டுறா. கோடு தெரியேல்லையாம்.

ஜூன் 13, வெள்ளி

183. இந்த ரீவி வந்தது 96 மார்ச்சில, 17ஆம் திகதி லாகூர் உலகக்கிண்ணக் கிரிக்கெட் பைனலுக்கு எண்டு அப்பா சீட்டுக்காசை உடைச்சு வாங்கினது. இலங்கைக்கு அரவிந்த டி சில்வா கடைசி வரைக்கும் அவுட்டாகாமல் 107. ஆர் வெண்டால் எங்களுக்கென்ன எண்டு சொல்லிக்கொண்டிருந்த மாமாவே கதிரையில ஏறி நிண்டவர். அப்பா மட்டும் எழும்பேல்லை, சனம் ஆடி ரீவியைத் தட்டிப்போடும் எண்டு அதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். அவர் அந்தக் கடைசி ஓட்டத்தைப் பாத்திருக்கமாட்டார் எண்டு நினைக்கிறன்.

ஜூன் 14, சனி

கோடு.

ஜூன் 16, திங்கள்

148! ஆஸ்பத்திரியில இருந்து போன். நாளைக்குக் காலமை ஆறரைக்கு வரட்டாம்.

சந்தோஷப்படாமல் நான் ரீவியைப் பாக்கிறன். கண் திறந்தால் இவ முதல் பாக்கப்போறது கோட்டைத்தான், பிறகு இவ்வளவு நாளும் சொல்லாமல் ஏமாத்தினனி எண்டு ஒரு மாதத்துக்கு என்னோட கதைக்கமாட்டா. அண்ணா திரும்பவும் "புதுசு" எண்டுறார்.

ஜூன் 17, செவ்வாய்

4.40. நித்திரை இல்லை. படத்தை விரிக்கிற அந்தப் பகுதியின்ர ஐசி, அதாவது சிப், அதின்ர காலுகளை பூதக்கண்ணாடியில பாத்தன், ரெண்டு காலைச் சுத்தி ஈயத்தில மோதிரம் மாதிரி மயிர்வெடிப்பு. சூட்டில விரிஞ்சு சுருங்கி விட்டுப்போயிருக்கு. எல்லாக் காலுக்கும் புது ஈயம் வைச்சன், அம்மா குசினியில இருந்து என்ன மணக்குது எண்டு கேட்டவ, சாம்பிராணி எண்டன்.

இன்னும் போட்டுப் பாக்கேல்லை. ஓட்டோ வந்து கீழ ஹோர்ன் அடிக்குது, அம்மா சீலையை மாறிக் கட்டிப்போட்டா, நான் போய்